பழைய தண்டனை, புதிய தடயவியல்: வழக்கை மறுஆய்வுக்கு எடுப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பழைய குற்ற வழக்கு ஒன்று மறுஆய்வுக்குக் கைக்கு வந்ததும் புதியவர்கள் முதலில் கேட்பது, “டிஎன்ஏ சோதனைக்கு எங்கே அனுப்புவது?” என்றுதான். அந்தக் கேள்வி வரப் பல மாதங்கள் ஆகும். முதலில் கேட்க வேண்டியவை இரண்டு. இந்த வழக்கில் எந்தப் பொருள் வாய் திறந்தால் செய்தவர் யார் என்று தெரியும்? அந்தப் பொருள் இன்று எங்கே இருக்கிறது? இரண்டுக்கும் விடை கட்டுக்கட்டான பழைய காகிதத்துக்குள்தான் கிடக்கிறது. ஆய்வகம் கடைசியில் வருவது.

எந்த வழக்கு தேறும்

தகராறு எதைப் பற்றியது என்று ஒரே வரியில் எழுதிப் பாருங்கள். “நான் அங்கே இல்லவே இல்லை” என்பது எதிர்த்தரப்பு வாதமாக இருந்தால் டிஎன்ஏவுக்கும் கைரேகைக்கும் வேலை உண்டு. “நடந்தது சம்மதத்தோடு” என்பதோ, “தற்காப்புக்காக அடித்தேன்” என்பதோ வாதமானால் அவர் அங்கே இருந்தார் என்பதை இரு தரப்பும் ஒப்புக்கொண்டாயிற்று. டிஎன்ஏ அதில் புதிதாக எதையும் சொல்லாது. அங்கே பார்க்க வேண்டியவை சுட்ட தூரம், காயத்தின் தன்மை, இரத்தச் சிதறல் பற்றிய பழைய நிபுணர் சாட்சியம் ஆகியவை.

முன்பின் தெரியாத ஒரே ஆள் தாக்கியது, உடல் திரவம் விட்டுச் சென்றது: இப்படிப்பட்ட வழக்கே மிகவும் வலுவானது. ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள் என்றால் ஒருவர் டிஎன்ஏ மற்றவர் உடைமீது இருப்பது இயல்பு. பொருளை இன்னும் கூர்மையாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். தாக்கியவர்கள் பலர் என்றால், அறியாத ஒருவரின் டிஎன்ஏ கிடைத்தாலும் “அவரும் இருந்தார்” என்பதற்கு மேல் அது போகாமல் நின்றுவிடலாம்.

குற்றத்தை ஒப்புக்கொண்டவர் என்பதற்காகக் கோப்பை மூடிவிடாதீர்கள். பொய்யான ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்தவர்கள் டிஎன்ஏவால் விடுவிக்கப்பட்டவர்களில் கணிசமாக இருக்கிறார்கள். ஒரே ஒரு நேர்சாட்சியின் அடையாளம் காட்டல், சிறைக்கூட்டாளி சொன்ன கதை, நுண்ணோக்கியில் பார்த்த முடி ஒப்பீடு, பல் கடித் தடம் ஆகியவற்றின்மேல் மட்டும் நிற்கும் தீர்ப்பானால் அந்தக் கோப்பை மேலே எடுத்து வையுங்கள்.

ஆண்டும் முக்கியம். டிஎன்ஏ அடையாள முறை 1984இல் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. எண்பதுகளின் பிற்பகுதிக்கு முந்தைய வழக்குகளில் இரத்த வகைதான் கைவசம் இருந்த கருவி. அதற்காகப் பிந்தைய வழக்குகளை ஒதுக்க வேண்டியதில்லை. தொண்ணூறுகளில் “போதிய அளவு இல்லை” என்று திருப்பி அனுப்பப்பட்ட கறைதான் இன்று பேசக்கூடிய கறை.

காகிதத்தைத் திரட்டுதல்

நீதிமன்ற விசாரணைப் பதிவு முழுவதும், மேல்முறையீட்டுத் தீர்ப்புகள், காவல்துறைக் கோப்பு, பிணக்கூறு அறிக்கை, மருத்துவமனைப் பதிவுகள், அரசுத் தரப்பு வழக்கறிஞர் கோப்பு, அன்றைய எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் பெட்டி. இவற்றோடு யாரும் கேட்க மறக்கும் ஒன்று உண்டு: ஆய்வகத்தின் பணிக்குறிப்புகள். நீதிமன்றத்துக்குப் போனது இரண்டு பக்க அறிக்கை. அதன் பின்னால் ஆய்வாளர் கைப்பட எழுதிய தாள்கள், கறையின் வரைபடம், ஒளிப்படம், தொலைபேசி உரையாடல் குறிப்பு எல்லாம் தனி உறையில் இருக்கும். “அறிக்கையின் நகல்” என்று கேட்டால் அந்த இரண்டு பக்கம்தான் வரும். “வழக்குக் கோப்பு முழுவதும், பணிக்குறிப்புகள், மூலத் தரவுகள், பொருள் பெற்றுத் தந்த பதிவேடு உட்பட” என்று எழுதிக் கேளுங்கள்.

அந்த உறைக்குள் பொருளே கிடைத்ததும் உண்டு. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநில ஆய்வகத்தில் இரத்தத்தையும் உடல் திரவங்களையும் சோதிக்கும் சீரவியல் ஆய்வாளர் ஒருவர் தாம் சோதித்த பஞ்சுத் துணுக்குகளையும் துணித்துண்டுகளையும் பணித்தாளிலேயே ஒட்டி வைக்கும் பழக்கமுள்ளவர். மூலப் பொருள்கள் அழிக்கப்பட்ட பிறகும் துணுக்குகள் கோப்பில் பிழைத்திருந்தன. அவற்றால் சிலர் விடுதலையாகவே, 1973 முதல் 1988 வரையிலான கோப்புகளைத் தேடிப் பார்த்துச் சோதிக்க 2005இல் ஆளுநர் உத்தரவிட்டார்.

காகிதம் சேரச் சேர ஓர் அட்டவணை போடுங்கள். ஒரு பொருளுக்கு ஒரு வரி. காவல்துறை எண், ஆய்வக எண், நீதிமன்ற எண் மூன்றும் தனித்தனிக் கட்டங்களில் வர வேண்டும்; ஒரே சட்டைக்கு மூன்று எண்கள் இருக்கும், பாதிக் குழப்பம் அங்கிருந்துதான் தொடங்கும். பிறகு: எங்கே, யார், எப்போது எடுத்தார், என்ன சோதனை நடந்தது, எவ்வளவு வெட்டி எடுக்கப்பட்டது, யாரிடம் திரும்பியது, கடைசியாகக் காணப்பட்ட தேதி. கைப்பற்றப்பட்டும் ஆய்வகத்துக்கே போகாத பொருள்களுக்குத் தனி நிறம் கொடுங்கள். நகத்தின் அடியில் சுரண்டி எடுத்தது, கட்டிப்போட்ட கயிறு, வாயடைத்த துணி, சிகரெட் துண்டு போன்றவை அன்றைய முறைகளுக்குப் பயன்படாமல் உறையோடு கிடந்திருக்கும்.

பழைய அறிக்கையை வாசிப்பது

இங்கே அவசரம் கூடாது. பழைய அறிக்கைகளில் சொல்லப்பட்டது வேறு, நடுவர்கள் காதில் விழுந்தது வேறு என்று பல இடங்களில் இருக்கும்.

இரத்த வகையை எடுத்துக்கொள்ளுங்கள். மக்களில் சுமார் 80 விழுக்காட்டினர் தம் வகைப் பொருளை உமிழ்நீர், விந்து போன்றவற்றிலும் சுரப்பவர்கள்; மற்றவர்கள் சுரக்காதவர்கள். பாதிக்கப்பட்ட பெண் ‘ஏ’ வகை, சுரப்பவர் என்று வைத்துக்கொள்வோம். அவர் உடலிலிருந்து எடுத்த பஞ்சில் விந்துவும் இருக்கிறது, ‘ஏ’ வகைப் பொருளும் தெரிகிறது. குற்றம் சாட்டப்பட்டவரும் ‘ஏ’. “பொருந்துகிறது, மக்கள்தொகையில் இத்தனை விழுக்காட்டினருக்கே இது பொருந்தும்” என்று நிபுணர் சாட்சி சொல்லியிருப்பார். ஆனால் தெரிந்த ‘ஏ’ முழுவதும் அந்தப் பெண்ணுடையதாகவே இருக்கலாம். விந்து எவ்வளவு கலந்தது என்று அளக்க அன்று வழியில்லை. செய்தவரின் வகை அந்தப் பெண்ணின் வகைக்கடியில் மறைந்து போயிருக்கலாம். அப்படியானால் எந்த ஆணையும் விலக்க முடியாது, விழுக்காடு சொல்லவே இடமில்லை. பணிக்குறிப்பில் பாதிக்கப்பட்டவரின் வகையையும் கறையில் தெரிந்த வகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றானால் அந்தச் சாட்சியத்தை ஒரு பக்கம் விடாமல் படிக்க வேண்டும்.

முடி ஒப்பீட்டுச் சாட்சியமும் அப்படித்தான். அமெரிக்காவின் எஃப்பிஐ தன் நிபுணர்கள் 2000க்கு முன் தந்த சாட்சியங்களை மறுஆய்வு செய்து, பார்த்த விசாரணைப் பதிவுகளில் குறைந்தது 90 விழுக்காட்டில் தவறான கூற்றுகள் இருந்ததாக 2015இல் அறிவித்தது. தோட்டாவின் ஈயக் கலவையை ஒப்பிடும் முறையை 2005இல் அதே நிறுவனம் கைவிட்டது. தீ வழக்குகளில், விரிசல் வலை விழுந்த கண்ணாடி எரிபொருள் ஊற்றியதன் அடையாளம் என்று ஒரு காலம் சொல்லப்பட்டது. சூடான கண்ணாடிமேல் தண்ணீர் பட்டாலே அப்படி விரியும் என்று பிறகு தெரிந்தது. அறை முழுவதும் ஒரே நொடியில் பற்றிக்கொண்ட தீ, எதையும் ஊற்றாமலேயே தரையில் ‘ஊற்றிய தடம்’ போன்ற எரிவைத் தரும். அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் தீ விசாரணைக்கான 921ஆம் எண் வழிகாட்டி வெளிவந்தது 1992இல். அதற்கு முந்தைய தீவைப்புத் தண்டனை என்றால் நிபுணர் சொன்ன ஒவ்வொரு அடையாளத்தையும் அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இத்தகைய வழக்குகளில் சோதிக்கப் பொருளே வேண்டாம். ஒளிப்படங்களும் சாட்சியமும் போதும்.

சில சொற்றொடர்களில் நின்று வாசிக்க வேண்டும். “விலக்க முடியவில்லை” என்பதற்கும் “அவருடையது” என்பதற்கும் தூரம் அதிகம். “முடிவு கிட்டவில்லை” என்றால் பொருள் குறைவா, சிதைந்ததா, கலவையா என்று பணிக்குறிப்பில் தேடுங்கள். மூன்றுக்கும் இன்றைய மருந்து வேறு வேறு. டிஎன்ஏ என்று எழுதியிருந்தாலும் எந்த டிஎன்ஏ என்று கேளுங்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புழங்கிய டிக்யூ ஆல்ஃபா சோதனை டிஎன்ஏவின் ஒரே ஒரு குறிப்பிட்ட இடத்தை, அதாவது ஒரு மரபிடத்தைத்தான் பார்த்தது. அதில் பொருந்துகிறவர்கள் ஊருக்குப் பலர் இருப்பார்கள்.

பொருளைத் தேடிப் பிடித்தல்

தேட வேண்டிய இடங்கள் காவல்துறைச் சான்றுக் கிடங்கு, நீதிமன்ற எழுத்தர் அறை, மேல்முறையீட்டு நீதிமன்றக் காப்பறை, அரசு ஆய்வகத்தின் உறைபெட்டி, பிணக்கூறு நடந்த மருத்துவமனையின் நோயியல் துறை, எதிர்த்தரப்பு அமர்த்திய தனி நிபுணர், அரசு வழக்கறிஞரின் பழைய பெட்டிகள். நோயியல் துறையைப் பலரும் விட்டுவிடுவார்கள். நுண்ணோக்கியில் பார்க்க மாதிரியைப் பரப்பிய கண்ணாடிச் சில்லும் திசுவைப் பதித்த மெழுகுக் கட்டியும் காவல்துறை வசம் வராமலே பல ஆண்டுகள் அங்கே அலமாரியில் இருக்கும்.

“அழித்துவிட்டோம்” என்ற பதிலை வாய்மொழியாக ஏற்காதீர்கள். அழித்தால் உத்தரவு, தேதி, கையெழுத்து இருக்கும், அதைக் கேளுங்கள். இல்லையென்றால் அழிக்கப்பட்டதற்குச் சான்று இல்லை, தேடல் தொடர்கிறது என்று பதில் எழுதுங்கள். இங்கிலாந்தில் 1982இல் கொலைக்காகத் தண்டிக்கப்பட்ட ஒருவரின் வழக்கறிஞர்கள் 1998இல் கேட்டபோது சான்றுப்பொருள்கள் இல்லை என்று பதில் வந்தது. பத்தாண்டுக்குப் பிறகு வேறொரு வழக்கறிஞர் குழு கேட்டபோது அதே பொருள்கள் கிடைத்தன. 2009இல் அவர் விடுதலையானார். இடையில் போன ஆண்டுகளுக்குக் காரணம் ஒரு தவறான பதில்.

பொருள் இருப்பது தெரிந்த அன்றே பாதுகாப்புக் கோரிக்கைக் கடிதம் அனுப்புங்கள்: மூன்று எண்களையும் குறிப்பிட்டு, அழிக்கவோ இடம் மாற்றவோ கூடாது, உறையைப் பிரிக்க வேண்டாம் என்று. நேரில் பார்க்க அனுமதி கிடைத்தால் உறையின் நான்கு பக்கமும் முத்திரையும் ஒளிப்படத்தில் வரட்டும். உள்ளே கை வைக்காதீர்கள். காகித உறையில் உலர்ந்து கிடந்த இரத்தக் கறை பல பத்தாண்டுகள் தாங்கும். ஈரத்தோடு பிளாஸ்டிக்கில் கட்டியது பூசணம் பிடித்துச் சிதைந்திருக்கும்; ஆனாலும் சோதிக்காமல் கைவிட வேண்டியதில்லை. ஃபார்மலினில் ஊறிய திசுவில் டிஎன்ஏ துண்டு துண்டாகியிருக்கும்.

எந்தச் சோதனை, எந்த வரிசையில்

அளவைப் பற்றிய உணர்வு இல்லாமல் சோதனையைத் தேர்ந்தெடுக்க முடியாது. எண்பதுகளின் முறைக்குச் சிதையாத நீண்ட டிஎன்ஏ 50 நானோகிராமாவது தேவைப்பட்டது. கண்ணுக்கு நன்றாகத் தெரியும் கறை வேண்டும். டிஎன்ஏவில் திரும்பத் திரும்ப வரும் குறுந்தொடர்களை எண்ணும் இன்றைய எஸ்டிஆர் சோதனைக்கு அரை முதல் ஒரு நானோகிராம் போதும். ஓர் உயிரணுவில் 6 பிக்கோகிராம் (ஆயிரம் பிக்கோகிராம் ஒரு நானோகிராம்) அளவு இருப்பதால் ஒரு நானோகிராம் என்பது ஏறத்தாழ 150 உயிரணுக்கள். அதற்கும் கீழே இறங்கலாம், ஆனால் 0.1 நானோகிராமுக்குக் கீழே போனால் சில அடையாளங்கள் விடுபடும், இல்லாதவை முளைக்கும்.

எஸ்டிஆர் பார்க்கும் துண்டுகள் சுமார் 100 முதல் 450 பேஸ் பேர் (டிஎன்ஏ நீளத்தின் அலகு) நீளமுள்ளவை. சிதைந்த மாதிரியில் நீளமானவை முதலில் விழும். அப்போது இன்னும் குறுகிய துண்டுகளைப் பார்க்கும் மினி எஸ்டிஆர் கைகொடுக்கும். பெண்ணின் உயிரணுக்கள் வெள்ளமாகவும் ஆணுடையது துளியாகவும் இருந்தால் ஒய் குரோமோசோம் சோதனை ஆண் பகுதியை மட்டும் எடுத்துக் காட்டும். ஆனால் அது தந்தை வழி உறவினர் எல்லோருக்கும் பொது: விலக்க வலியது, சுட்டிக்காட்ட வலுவற்றது. வேரில்லாத முடிக்கு மைட்டோகாண்ட்ரியா சோதனை; ஓர் உயிரணுவில் அதன் நகல்கள் நூற்றுக்கணக்கிலிருந்து ஆயிரக்கணக்கு வரை இருப்பதால் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். அது தாய்வழி பொது. பழைய முடி ஒப்பீட்டை உடைக்க இதுவே முதல் தேர்வு. விந்தணு பார்த்த கண்ணாடிச் சில்லு இருந்தால் அதை மேலே வையுங்கள். மூடி ஒட்டியதைக் கரைப்பானில் ஊறவைத்துப் பிரித்து எடுத்துவிடலாம்.

கை பட்டதால் ஒட்டிக்கொண்ட தொடுகைத் தடயம் என்றால் எச்சரிக்கை தேவை. பழைய விசாரணைகளில் கத்தியும் துப்பாக்கியும் கையுறை இல்லாமல் கை மாறின. கைப்பிடியில் இன்று கிடைக்கும் அறியாத டிஎன்ஏ நீதிமன்ற எழுத்தருடையதாகவும் இருக்கலாம். விந்து, இரத்தம், உமிழ்நீர் போன்று எந்தத் திரவம் என்று சொல்லக்கூடிய கறைக்கு இந்தச் சங்கடம் குறைவு. அதனால் வரிசையில் அதுவே முன்னால். தொடுகைத் தடயம் மட்டுமே மிஞ்சினால் முடிச்சின் உட்புறம், ஒட்டுப்பட்டையின் உள்சுருள், காலர் மடிப்பு போன்ற, பிறகு யார் கையும் படாத இடங்களைத் தேர்ந்தெடுங்கள்.

ஒரே பொருளில் இழை, கைரேகை, டிஎன்ஏ மூன்றும் வேண்டுமானால் முதலில் ஒளிப்படம், அடுத்து இழையும் முடியும், பிறகு மற்றவை. கைரேகை முதலா டிஎன்ஏ முதலா என்பதை இரண்டு பிரிவு நிபுணர்களும் சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்யட்டும். தனித்தனியே கேட்டால் ஒவ்வொருவரும் தம்முடையதே முதல் என்பார்கள்.

மலிவான ஒன்று அடிக்கடி மறக்கப்படுகிறது. அன்று சம்பவ இடத்தில் எடுத்து யாருடையது என்று தெரியாமல் விட்ட கைரேகைகளை இன்றைய கணினித் தரவுத்தளத்தில் மறுபடி தேடச் சொல்வது. பொருள் தேயாது, ஒரு கோரிக்கைக் கடிதம்தான் செலவு.

ஆய்வகத்தோடு எழுத்தில் பேசிக்கொள்ள வேண்டியவை

சோதனை ஆய்வகங்களுக்கான ஐஎஸ்ஓ 17025 தரச்சான்றும், சிதைந்த பழைய மாதிரிகளில் பழக்கமும் உள்ள ஆய்வகம் வேண்டும். மாதிரி முழுவதையும் தீர்க்கக் கூடாது, பாதியை வைத்துக்கொள்ள வேண்டும் என்பது முதல் நிபந்தனை. பாதி வைக்க இயலாத அளவு சிறியதென்றால் இரு தரப்பும் எழுத்தில் சம்மதித்த பிறகே தொட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சோதிக்காமல் கட்டம் கட்டமாகப் போங்கள். மொத்த டிஎன்ஏ எவ்வளவு, அதில் ஆணுடையது எவ்வளவு என்று அளந்து சொன்னதும் நிறுத்தி, அடுத்த சோதனையை அந்த எண்ணைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

தண்டிக்கப்பட்டவர், பாதிக்கப்பட்டவர் ஆகியோரின் மாதிரியோடு, அந்த நாட்களில் பாதிக்கப்பட்டவருக்குத் துணைவர் இருந்தால் அவருடையதும், பொருளைக் கையாண்ட அதிகாரிகள், ஆய்வாளர்களுடையதும் ஒப்பிட வேண்டும். துணைவரை விட்டுவிட்டுக் கிடைக்கும் ‘அறியாத ஆண்’ நீதிமன்றத்தில் ஒரு நாள்கூட நிற்காது.

தரவுத்தளத் தேடலை முன்கூட்டியே யோசியுங்கள். அமெரிக்காவின் கோடிஸ் என்ற டிஎன்ஏ தரவுத்தளத்தில் தனியார் ஆய்வகம் நேரடியாக எதையும் ஏற்ற முடியாது. தகுதியுள்ள அரசு ஆய்வகம் ஒன்று முடிவைச் சரிபார்த்துப் பொறுப்பேற்க வேண்டும். சோதனை முடிந்த பிறகு கேட்டால் மறுப்பார்கள், முன்பே எழுதி வாங்குங்கள். அங்கே 1998இல் 13 மரபிடங்கள் அடிப்படையாக இருந்தன. 2017 முதல் 20. ஆகவே பழைய அறிக்கையிலுள்ள அடையாளத்தை அப்படியே ஏற்றித் தேடினால் அது போதாமல் போகலாம்.

சட்ட வாசல்

நாட்டுக்கு நாடு வழி மாறும். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தண்டனைக்குப் பிந்தைய டிஎன்ஏ சோதனைக்கு 2004இல் வழி திறந்தது. டெக்சாஸ் மாநிலம் 2013இல் அறிவியலே மாறிவிட்டது என்ற காரணத்துக்குத் தனி வாசல் வைத்தது. இங்கிலாந்தில் 1997 முதல் இயங்கும் மறுஆய்வு ஆணையம் அரசு அமைப்புகளிடம் ஆவணங்களைக் கேட்டுப் பெறும் அதிகாரமுள்ளது. தனிச் சட்டம் இல்லாத இடங்களில் மேல்முறையீட்டில் புதிய சாட்சியம் சேர்க்கும் மனு, மன்னிப்பு மனு ஆகியவையே வாய்ப்பு. எங்கே போனாலும் கேள்விகள் ஒன்றுதான். பொருள் இருக்கிறதா, கைமாறிய வரலாறு தெரிகிறதா, அன்று ஏன் சோதிக்கவில்லை, சாதகமாக வந்தால் தீர்ப்பு மாறுமா? உங்கள் அட்டவணை ஒழுங்காக இருந்தால் மனுவில் பாதி அதிலேயே இருக்கிறது. காலக்கெடுவை மட்டும் முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.

முடிவு வந்தபின்

தண்டிக்கப்பட்டவரின் டிஎன்ஏ இல்லை என்பதாலேயே அவர் அங்கே இல்லை என்று ஆகாது. வேறொருவருடையது, குற்றம் செய்தவரைத் தவிர யாரும் விட்டுச்செல்ல இயலாத இடத்தில் இருக்கிறது என்பதுதான் பலம். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு மூன்று பொருள்களில் ஒரே ஆள் தெரிந்தால் பலம் கூடும். அவர் தரவுத்தளத்திலும் கிடைத்துவிட்டால் பேச்சு வேறு.

அழகாக வந்த முடிவையும் சந்தேகப்படுங்கள். ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் முழுவதும் பல ஆண்டுகள் தேடப்பட்ட மர்மப் பெண் குற்றவாளி, மாதிரி எடுக்கும் பஞ்சுக்குச்சியைக் கையாண்ட தொழிலாளியின் டிஎன்ஏ மாசுதான் என்று 2009இல் வெளிப்பட்டது. குச்சி கிருமி நீக்கப்பட்டதாக இருந்தது. டிஎன்ஏ நீக்கப்பட்டதாக இல்லை. ஆகவே எந்தத் தடயமும் சேர்க்காமல் சோதித்த வெற்று மாதிரிகளின் தரவையும் சேர்த்தே கேளுங்கள். பழைய கலவைகளை இன்றைய நிகழ்தகவு மென்பொருள் மறுபடி பிரித்துப் பார்க்க முடியும். அதற்கு அச்சிட்ட வரைபடம் போதாது, மூலக் கணினிக் கோப்பு வேண்டும்.

கிடைத்த முடிவை ஒருவர் மேசையில் தூங்க விடாதீர்கள். இங்கிலாந்தில் 2004இல் பாலியல் குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்ட ஒருவரின் தண்டனைத் தீர்ப்பு 2023இல்தான் ரத்தானது. பாதிக்கப்பட்டவர் உடையில் அறியாத ஆணின் டிஎன்ஏ இருப்பது 2007லேயே அரசுத் தரப்புக்குத் தெரியும். அறிக்கை கிடைத்தது எந்தத் தேதி, யார் யாருக்கு அனுப்பப்பட்டது, அடுத்த அடி யாருடையது என்று எழுதி வையுங்கள்.

தண்டிக்கப்பட்டவரிடம் சோதனைக்கு முன்பே நேரில் சொல்லியாக வேண்டும்: முடிவு அவருக்கு எதிராகவும் வரலாம், வந்தால் மறைக்க முடியாது. அதைக் கேட்டு மனுவை நிறுத்தச் சொல்பவர்களும் உண்டு. பாதிக்கப்பட்டவருக்கோ குடும்பத்துக்கோ செய்தி போக வேண்டியது பயிற்சி பெற்ற உதவி அலுவலர் வழியாக, பத்திரிகைக்கு முன்பாக. எதிர்த்தரப்புக்காக வேலை செய்பவர்கள் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டக் கூடாது.

மறுபடியும் “முடிவு கிட்டவில்லை” என்றே வந்தால், பிரித்தெடுத்த கரைசலில் எத்தனை மைக்ரோலிட்டர் மீதி, எந்த உறைபெட்டியில், என்ன எண்ணில், எந்தப் பொருளில் எந்தப் பகுதி இன்னும் வெட்டப்படவில்லை என்பதை ஒரு தாளில் எழுதிக் கோப்பின் முதல் பக்கமாக வையுங்கள். பாதுகாப்புக் கோரிக்கைக் கடிதத்தையும் புதுத் தேதியிட்டு மறுபடி அனுப்புங்கள்.